சவரிராஜ் படத்துக்கு விழுந்த மாலை

வயசான கலைஞர்களைத் தேடிப் பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அந்த மாதிரி நிகழ்ச்சிகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். நான் சொல்வது எண்பத்து நாலாம் வருஷத்துக் கதை. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், செராங்கூன் ரோட்டுத் தமிழர்கள் எல்லாரும் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். 'நேற்றைய முகங்கள்' என்று பெயர். முதலில் ஒரு வயலின் அழும். பிறகு ஒரு பழைய பாடகரோ நாடக நடிகரோ கட்டிலில் சாய்ந்துகொண்டு, தலைமாட்டில் மருந்து போத்தல்களோடு, தன் காலத்தைப் பற்றிப் பேசுவார். முக்கால்வாசிப் பேர் அதைக் கலைக்காகப் பார்த்தார்கள் என்று நான் நம்பமாட்டேன். யார் எவ்வளவு இளைத்துவிட்டார்கள், மருமகள் கஞ்சியாவது ஊற்றுகிறாளா என்று பார்க்கத்தான் பார்த்தார்கள்.

முதல் மாதம் காட்டிய நாலு பேரில் இரண்டு பேர் அந்த மாதமே போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து எங்கள் மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் இதே கேலிதான். "டிவியில கூப்பிட்டுட்டாங்களா? அப்ப அவஸ்தை பூசியாச்சுன்னு அர்த்தம்லா." சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுவாரே, அதை வைத்துப் பேச்சு. நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். ஜூன் மாதம் வரைக்கும் சிரித்தேன்.

என் வீட்டுக்காரர் பெயர் சவரிராஜ். அறுபதுகளில் வானொலி நாடகம், எழுபதுகளில் தொலைக்காட்சி நாடகம். அப்பா வேடம், முதலாளி வேடம், எல்லாவற்றுக்கும் மேலாக நீதிபதி வேடம். தேக்கா மார்க்கெட்டில் கோழி வெட்டுகிற சீனன்கூட அவரை 'ஜட்ஜ்' என்றுதான் கூப்பிடுவான். சாவதிலும் அவர் கெட்டிக்காரர். மேடையில் அவர் சாகத் தொடங்கினால் கால் மணி நேரம் ஆகும். கூட நடிக்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும். ஆனால் நிஜத்தில் அவரைப் போலச் சாவுக்குப் பயந்த ஆளைப் பார்க்க முடியாது. யாராவது செத்துத் துட்டி வீடு என்றால் என்னை மட்டும் அனுப்பிவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொள்வார்.

ஜூன் மாதம் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை, சட்டை எல்லாம் தொளதொளத்துவிட்டது. டாக்டர் சோதித்து முடித்து அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். ஈரலில் கட்டி. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. கிறிஸ்மஸ் பார்த்தால் பெரிது. அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். நோயாளியிடம் சொல்லமாட்டார்கள், வீட்டாரிடம் சொல்வார்கள். வீட்டார் என்றால் நான் ஒருத்திதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

வெளியே வந்ததும், "என்னவாம் பிலோமினா?" என்றார்.

"குடல்ல புண்ணாம். காரம் ஆகாதாம். ஆற நாளாகுமாம்."

"அவ்வளவுதானே! என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று எழுந்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த மனுஷனுக்கு மிச்சம் இருப்பது ஆறு மாதமோ ஐந்து மாதமோ, அத்தனை நாளும் அவர் பயப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு நான் எத்தனை பொய் சொன்னாலும் தேவலை.

முடிவு செய்வது சுலபம். பாரத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டாமா? முதலில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன், செபத்துக்காக. பிறகு பூக்கடைக் கோவிந்தசாமியிடம். மாதாவுக்கு மாலை வாங்கப் போன இடத்தில் அவன், "ஐயா எப்படி இருக்காரு?" என்று கேட்டுத் தொலைத்தான், எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. அப்புறம் கீழ்வீட்டு உர்சுலாவிடம், பூசைக்கு வரும் இன்னும் இரண்டு மூன்று பேரிடம். ஒவ்வொருவரிடமும் 'யாருக்கும் சொல்லாதீங்க' என்று சத்தியம் வாங்கினேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இந்த உர்சுலா தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்கிற பெண். 'நேற்றைய முகங்கள்' தயாரிப்பதே அவள்தான். ஆகஸ்டு மாதம் ஒரு நாள் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அங்கிளை நம்ம புரோகிராம்ல..."

"காக்கா மாதிரி வந்துட்டியாடி? இன்னும் மூச்சு இருக்கு அவருக்கு."

"அதுக்குத்தான் ஆன்ட்டி. அவர் நல்லா பேசுறப்பவே எடுத்துடலாம். பிறகு எடுத்து என்ன பிரயோசனம்?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? அதற்குள் அவர் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "யாரு, டிவி ஸ்டேஷனா?" ஆறு வருஷமாக அவரை யாரும் ஒரு நாடகத்துக்கும் கூப்பிடவில்லை. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்? பரிசு விழுந்தவர் முகம் அது.

"அது அவஸ்தை பூசுற நிகழ்ச்சிங்க. நமக்கு வேணாம்" என்றேன், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"செத்துப்போறவங்களுக்கு அது அவஸ்தை. எனக்கென்ன, குடல்ல புண்ணுதானே?" என்றார்.

என் பொய்யே என் கழுத்தைப் பிடித்தது. சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நோய் என்ற பேச்சே வரக்கூடாது. கட்டில், மருந்து போத்தல் எதையும் காட்டக்கூடாது. உர்சுலா ஒப்புக்கொண்டாள். பாவம், நல்ல பெண்.

படம் பிடிக்க வந்த நாள் எங்கள் மூன்றறை வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. இவர் காலை ஐந்து மணிக்கே எழுந்து முகம் மழித்து, கோட்டும் டையும் போட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குள்ளே மனுஷன் பாதிதான் இருந்தார். அதற்காக நான் உள்ளே இரண்டு பனியன் போட்டுவிட்டேன். உர்சுலா கோவிந்தசாமி கடையிலிருந்து பெரிய ரோஜா மாலை வாங்கி வந்து அவருக்குப் போட்டாள். கனமான மாலை. ஐந்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கிறது என்று கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டார். ஆனால் பேச்சு மட்டும் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. அந்தக் குரல் அப்படியே இருந்தது. எனக்கே புதுசாகக் கேட்பதுபோல இருந்தது.

பேச்சு முடிந்ததும் நான் உர்சுலாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை வராது என்று மறுபடியும் மாதா மேல் சத்தியம் வாங்க வேண்டும் எனக்கு. அவளும் பொறுமையாகச் செய்து கொடுத்தாள். இவர் கோட்டைக் கழற்ற அறைக்குள் போயிருந்தார். கூடத்தில் கேமராக்காரர் டான் மட்டும் இருந்தார். சீனர். சிரித்த முகம். சுவரில் இருந்த இவருடைய பெரிய படத்தைக் கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நைஸ் பிக்சர் லா, ஆன்ட்டி!" என்று நான் வெளியே வந்ததும் சொன்னார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. உர்சுலா தங்கை கல்யாணத்துக்காகப் பினாங்குக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். அரை மணி நேரமும் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நோயைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. அழகாக எடுத்திருந்தார்கள். வயலின்கூட அளவாக அழுதது. முடிகிற நேரம், "சவரிராஜின் குரல் நம் நெஞ்சங்களில் என்றென்றும் ஒலித்துக்கொண்டே இருக்கும்" என்றது பின்னணிக் குரல். திரையில் சுவரில் மாட்டிய அவர் படம். படத்துக்கு மாலை.

நம்மவர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் எந்த வேதத்தில் சேர்ந்தாலும், படத்துக்கு மாலை போட்டால் ஒரே ஒரு அர்த்தம்தான். டானுக்கு அது எப்படித் தெரியும்? பிறகு விசாரித்ததில் தெரிந்தது, படத்துக் கண்ணாடியில் விளக்கு பளபளவென்று அடித்திருக்கிறது. சும்மா கிடந்த மாலையை எடுத்து அந்தப் பளபளப்பை மறைத்திருக்கிறார். எடுத்து முடித்ததும் நாற்காலியிலேயே திரும்ப வைத்துவிட்டார். நிகழ்ச்சியை வெட்டி ஒட்டித் தொகுத்தவரும் தமிழர் இல்லை. பார்த்திருக்க வேண்டியவள் அடுப்படியில் எனக்குச் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

நான் மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"பாத்தியா பிலோமினா, என்னைச் சாகடிச்சிட்டானுங்க!"

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. எங்கள் அடுக்குமாடியின் கீழே சுவரில்லாத திறந்த தளம், வாய்டு டெக் என்போம். கல்யாணம் என்றாலும் அங்கேதான், சாவு என்றாலும் பெட்டியை அங்கேதான் வைப்பார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அங்கே பெட்டியைத் தேடியிருக்கிறார்கள். பந்தலைக் காணோம், நாற்காலியைக் காணோம். லிஃப்ட் ஆறாவது மாடியிலும் பத்தாவது மாடியிலும்தான் நிற்கும். எங்கள் வீடு எட்டு. இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றால், செத்தவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க, வாங்க. பொணத்தைப் பாக்க வந்தீங்களா? உக்காருங்க."

ஒரு அம்மாள் ஐயோ என்று அலறிச் சிலுவை போட்டுக்கொண்டாள். நாடக மன்றத்துக்காரர்கள் மலர் வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். இவர் விடவில்லை. "கொண்டாங்க, என் பேரைச் சரியா எழுதியிருக்கானா பாப்போம்" என்று வாங்கி மடியில் வைத்துப் படித்தார். கோவிந்தசாமி ஒரு கூடை உதிரிப்பூவோடு வந்தவன், நிலைப்படியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். "ஐயா, நீங்க இருக்கீங்கய்யா..." அதற்கு மேல் அவன் ஏதாவது உளறிவிடுவானோ என்று நான் அவனை முறைத்த முறைப்பில், பூவை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு அன்றைக்கு அதுதான் வேலை. வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, "டிவிக்காரன் தப்பு, அவர் நல்லா இருக்காரு, புண்ணு ஆறிக்கிட்டு வருது" என்று காதில் போட்டு, கண்ணால் எச்சரித்து உள்ளே அனுப்பினேன். எல்லாரும் ஒழுங்காக நடித்தார்கள். வாய்விட்டு ஒருவரும் தப்பாகச் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது, தப்பித்தோம் என்று.

பன்னிரண்டு மணிக்கு நெய்னா முகம்மது வந்தார். இவரும் அவரும் ஒன்றாக நடித்த காலத்தில் ஈருடல் ஓருயிர். எழுபத்து மூன்றில் ஒரு மேடை நாடகத்தில் இவர் தன்னுடைய சாவுக் காட்சிக்கு அவசரப்பட்டு மூன்று பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார். அந்த மூன்று பக்கமும் நெய்னாவுடைய வசனம். அவருடைய மனைவி மக்கள் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு விட்ட பேச்சு, பதினோரு வருஷம். இப்போது வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகப் படியேறி வந்தவர், "இன்னா லில்லாஹி..." என்று செத்தவருக்காக ஓதிக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

காலையிலிருந்து வந்தவர்களை எல்லாம் கிண்டல் பண்ணிய இவர், இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒன்னையப் புதைக்க வந்தேன்டா" என்றார் நெய்னா.

"தெரியுது. வந்ததுக்கு உக்காந்து அந்த மூணு பக்கத்தையும் சொல்லிட்டுப் போ."

அவர் சொன்னார். நம்பமாட்டீர்கள், பதினோரு வருஷத்துக்குப் பிறகும் ஒரு சொல் பிசகாமல் மூன்று பக்கத்தையும் சொன்னார். இவர் தன் வரிகளை நடுநடுவே எடுத்துக் கொடுத்தார். நான் மலர் வளையத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரோரம் நின்று கேட்டேன். முடிந்ததும் நெய்னா இவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். போகும்போது என்னிடம், "நாளைக்கும் வர்றேன் தங்கச்சி. தினம் வர்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் ஓய்ந்தது. கதவைச் சாத்தினேன். கஞ்சி சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். இவர் குடிக்கவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேரு வந்தாங்க பிலோமினா?"

"யாரு எண்ணுனா? முப்பது பேரு இருக்கும்."

"முப்பது பேரு. டிவி தப்புன்னு தெரியாம, நான் நெசமாவே செத்துட்டேன்னு நெனச்சு வந்தவங்க. இல்லையா?"

"ஆமா. கஞ்சியக் குடிங்க."

"சாவு வீட்டுக்கு வர்றவன் மொதல்ல என்ன கேப்பான்? 'எப்படி ஆச்சு, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு'ன்னு கேப்பான். நாடகத்துல அந்த வசனம் இல்லாத சாவே கெடையாது. இன்னைக்கு வந்தவங்கள்ல ஒருத்தராவது படியேறி வந்ததும் ஒங்கிட்ட 'எப்படி'ன்னு கேட்டாங்களா?"

நான் வாசலில் நின்று எல்லாருடைய வாயையும் கட்டினேன். கேட்காத கேள்வியை எப்படிக் கட்டுவது? காலையிலிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவர் செத்த சேதிக்கு ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அவர் உயிரோடு இருந்ததுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

"அழுகையில மறந்திருப்பாங்க" என்றேன்.

"என் மொகத்தைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். பார்த்த பிறகு பொய் வரவில்லை. ஈரலில் கட்டி என்றேன். வெட்ட முடியாது என்றேன். கிறிஸ்மஸ் என்றேன். அவர் மடியிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன். பயந்துபோவார், அலறுவார், சாமியாரைக் கூப்பிடச் சொல்வார் என்று இரண்டு மாதமாக நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. கதவைப் பார்த்தபடியே, "கோவிந்தசாமிக்கும் தெரியும்" என்றார்.

"ம்."

"அந்தப் பொண்ணு உர்சுலாவுக்கு?"

"தெரியும்."

"அவங்ககிட்ட எல்லாம் சொல்றப்ப அழுதியா?"

என்ன கேள்வி இது என்று எனக்குப் புரியவில்லை. "அழுதேன்" என்றேன்.

"முப்பத்தெட்டு வருஷமா நீ எதுக்கு அழுதாலும் எங்கிட்டதான் வந்து அழுவ. ஒங்கம்மா செத்ததுக்கு, நமக்குக் கொழந்த தங்காததுக்கு... எல்லாத்துக்கும். இதுக்கு மட்டும் பூக்கடையில போயி அழுதிருக்க." அவர் என் பக்கம் குனிந்தார். "நான் சாகுறதுக்கு நான் பயப்படுறது இருக்கட்டும். நீ ரெண்டு மாசமா தனியா கெடந்திருக்கியே பிலோமினா."

அவரைப் பயத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருக்கு மிச்சம் இருந்த ஐந்தாறு மாதத்தில் இரண்டு மாதத்தை அவரிடமிருந்து நானே பிடுங்கிக்கொண்டேன். அந்த இரண்டு மாதமும் அவர் ஒரு புருஷனாக இருக்க நான் விடவில்லை. இதை அப்போது அவரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். தலையை அவர் முழங்காலில் வைத்தேன். எலும்பு குத்தியது. அவர் கை என் தலைக்கு வந்தது.

அப்போது மறுபடியும் கதவு தட்டப்பட்டது. யாரோ தாமதமாகத் துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். நான் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தேன். அவர் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழு நீதிபதிக் குரலில், எட்டாவது மாடி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"யாரா இருந்தாலும் அங்கேயே கொஞ்சம் நில்லுங்க. எம் பொண்டாட்டி அழுதுகிட்டிருக்கா."

தட்டுவது நின்றது. யாரும் போகவும் இல்லை. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. நான் அவசரப்படாமல் அழுதேன்.